ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு ஒரே பாட்டை முடிப்பது எப்படி?

பாடுபவர் ஓர் ஊரில், கிடார் வாசிப்பவர் வேறு நாட்டில், மிக்ஸ் செய்பவர் (எல்லாப் பதிவுகளையும் கலந்து ஒரே பாட்டாக்குபவர்) இன்னொரு கண்டத்தில். இப்படிக் கூடி ஆரம்பித்த பாட்டுகள் பாதியில் நின்றுபோக இசையறிவுக் குறைவு காரணமாக இருப்பது அபூர்வம். ஒருவர் வேறு சாம்பிள் ரேட்டில் (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிவது என்ற கணக்கு) பதிவு செய்து அனுப்பியிருப்பார். இன்னொருவர் குரல் ட்ராக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். மெட்டு யாருக்குச் சொந்தம் என்ற பேச்சு பாட்டு முடிந்த பிறகு கிளம்பியிருக்கும். மூன்றுமே முதல் வாரத்தில் தடுத்திருக்கக்கூடியவை. முதல்முறையாக இதில் இறங்குபவர்கள் கீழே உள்ள வரிசையிலேயே போவது நல்லது. குறிப்பாக 2, 3 இரண்டையும் தாண்டிக் குதிக்க ஆசை வரும், குதிக்காதீர்கள்.

1. தூரத்தைக் கணக்குப் போட்டு வழியைத் தேர்ந்தெடுங்கள்

வழி இரண்டுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் இணையம் வழியே சேர்ந்து வாசிக்கலாம். அல்லது ஒருவர் மாற்றி ஒருவர் தனியாகப் பதிவு செய்து ஃபைலாக அனுப்பலாம். இதில் உங்கள் விருப்பத்துக்கு வேலை குறைவு. தூரம் முடிவு செய்துவிடும்.

காற்றில் ஒலி 1 மில்லி விநாடியில் சுமார் 34 செ.மீ. போகிறது. மேடையில் 8 முதல் 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் இருவர் ஒருவரை ஒருவர் 25 முதல் 30 மில்லி விநாடி தாமதமாகத்தான் கேட்கிறார்கள். தாளம் கலையாமல் சேர்ந்து வாசிக்க ஏறக்குறைய அதுவே எல்லை. அதைத் தாண்டினால் இவர் அவருக்காகக் காத்திருப்பார், அவர் இவருக்காகக் காத்திருப்பார், வேகம் இறங்கிக்கொண்டே போகும். நீண்ட சுரங்கள் கொண்ட மெதுவான பாட்டு இன்னும் கொஞ்சம் தாங்கும். தாளக் கருவிகள் தாங்காது.

கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி 1000 கி.மீ. போக சுமார் 5 மில்லி விநாடி ஆகிறது. கேபிள் நேர்கோட்டில் ஓடுவதில்லை, நடுவே ரவுட்டர்களும் உண்டு. இரண்டு பக்கத்து ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கருவியையும் கணினியோடு இணைக்கும் பெட்டி), பஃபர் (ஒலி சற்றுக் காத்திருக்கும் தற்காலிக இடம்), மென்பொருள் எல்லாம் சேர்ந்து இன்னும் 15 முதல் 20 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். 8000 கி.மீ. தள்ளி இருப்பவருக்கு ஒளியின் பயணத்துக்கே 40 போய்விடுகிறது. எவ்வளவு விலை கொடுத்து வேகமான இணைப்பு வாங்கினாலும் இந்த 40 குறையாது. 100 எம்பிபிஎஸ், 500 எம்பிபிஎஸ் என்று விற்பது எவ்வளவு தரவு போகும் என்பதைத்தான் சொல்கிறது, எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரும் என்பதை அல்ல.

சோதிக்க எளிய வழி: மறுமுனைக்கோ, இருவருக்கும் நடுவிலுள்ள சர்வருக்கோ பிங் (சிறு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் கட்டளை) போடுங்கள். வரும் எண் போய்வரும் நேரம் என்பதால் அதைப் பாதியாக்கி, 20 கூட்டுங்கள். 30-க்குள் வந்தால் ஒரே நேரத்தில் வாசிக்கலாம். 30 முதல் 50 வரை என்றால் ஒத்திகைக்கும் மெதுவான பாட்டுக்கும் சரி. அதற்கு மேல் போனால் ஃபைல் பரிமாற்றம்தான். உண்மையில், 30-க்குள் இருப்பவர்களும் ஒத்திகையை நேரலையில் முடித்துவிட்டு இறுதிப் பதிவை அவரவர் இடத்தில் தனியாகச் செய்வதே மேல்.

ஜூம் போன்ற வீடியோ அழைப்பில் சேர்ந்து பாடிப் பார்க்க எல்லோருக்கும் தோன்றும். அவை பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. எதிரொலியை நீக்கும், பின்னணிச் சத்தத்தை அமுக்கும், இருவர் ஒரே நேரத்தில் ஒலித்தால் ஒருவரைத் தணிக்கும். வயலினின் நீண்ட ஒற்றைச் சுரத்தைச் சத்தம் என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடுவதும் உண்டு. ஜூமில் இசைக்கலைஞர்களுக்கான ஒரிஜினல் சவுண்ட் அமைப்பை இயக்கினால் தரம் மேம்படும், தாமதம் அப்படியேதான் இருக்கும். பேசவும் ஒருவர் வாசித்து மற்றவர் கேட்கவும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு சுரம் பதிவாகும் முன் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்

நண்பர்களுக்குள் காகிதம் எதற்கு என்று தோன்றும். நட்பு நீடிக்கத்தான் இந்தக் காகிதம்.

ஒரு பாட்டில் இரண்டு தனித்தனிச் சொத்துகள் உள்ளன. மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்பு ஒன்று. அந்தப் படைப்பின் குறிப்பிட்ட ஒலிப்பதிவு இன்னொன்று. இரண்டுக்கும் உரிமையாளர்கள் வேறாக இருக்கலாம், வருமானம் வரும் வழியும் வேறு. ஆகவே தாளில் இரண்டு பட்டியல் வேண்டும், ஒவ்வொன்றிலும் சதவீதங்கள் கூட்டினால் 100 வர வேண்டும். வரி எழுதியவருக்குப் படைப்பில் பங்கு உண்டு, ஒலிப்பதிவில் இல்லாமல் போகலாம். கிடார்க்காரர் கூலிக்கு வாசித்தால் இரண்டிலும் பங்கு இல்லாமல் போகலாம். ஆனால் பாட்டின் அடையாளமாகிவிடும் ஒரு வரி மெட்டை அவரே உருவாக்கினால்? பெரும்பாலான சண்டை இங்கேதான் பிறக்கிறது. அப்படி நடந்தால் என்ன என்பதை முன்கூட்டியே ஒரு வாக்கியமாக எழுதிவிடுங்கள்.

தாளில் இருக்க வேண்டியவை:

- ஒவ்வொருவரின் சட்டப்பூர்வப் பெயர், வெளியீட்டில் வர வேண்டிய பெயர், அதன் சரியான எழுத்துக்கோர்வை
- உரிமைச் சங்கத்தில் (படைப்பாளிகளுக்காக உரிமைத்தொகை வசூலித்துத் தரும் அமைப்பு) உறுப்பினர் என்றால் சங்கத்தின் பெயர், ஐபிஐ எண் (படைப்பாளியை அடையாளம் காட்டும் சர்வதேச எண்)
- படைப்பிலும் ஒலிப்பதிவிலும் ஆளுக்கு எத்தனை சதவீதம்
- கூலி உண்டென்றால் எவ்வளவு, எந்த நாணயத்தில், பணம் அனுப்பும் கட்டணமும் மாற்று விகித இழப்பும் யார் தலையில்
- கூலிக்குள் எத்தனை திருத்தம் அடங்கும்
- யார் வெளியிடுவது, யார் கணக்கு வழியாக
- பாட்டு நின்றுபோனால் அவரவர் பதிவு செய்த பகுதியை வேறு இடத்தில் பயன்படுத்தலாமா
- குரலைக் கொண்டு செயற்கைக் குரல் உருவாக்க அனுமதி உண்டா, இல்லையா

கூலிக்கு வாசிப்பவரிடம் பாதி முன்பணம், ஃபைல் கைக்கு வந்ததும் மீதி என்று வைத்துக்கொள்வது இருதரப்புக்கும் நியாயம். திருத்தம் இரண்டு சுற்று வரை இலவசம் என்பது சரியான அளவு. மூன்றாவது சுற்றுக்குக் கட்டணம் உண்டு என்று எழுதியிருந்தாலே கேட்பவர்கள் யோசித்துக் கேட்பார்கள். ஒரு மின்னொப்பச் சேவையில் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிடிஎஃப் பிரதி வைத்துக்கொண்டால் அரை மணி நேர வேலை. பெரிய தொகையோ நிறுவனமோ உள்ளே வந்தால் அவரவர் நாட்டு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

3. திட்டத் தாளில் எண்களைப் பூட்டுங்கள்

இது தொழில்நுட்பத் தாள். எல்லோரும் ஒரே பிரதியைப் பார்க்க வேண்டும்.

*சாம்பிள் ரேட்டும் பிட் அளவும்.* 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துவிடுங்கள். 44.1 தவறு என்று பொருள் இல்லை, கலப்பதுதான் தவறு. 44.1-இல் பதிவானதை மாற்றாமல் 48-இல் ஓட்டினால் கிட்டத்தட்ட ஒன்றரை அரைச்சுரம் ஏறி, 9 சதவீதம் வேகமாக ஒலிக்கும். நல்ல மென்பொருள் இதைக் கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளும், சில மென்பொருள்கள் கேட்காமலே விட்டுவிடும். பாடகரின் குரல் திடீரென்று இளமையாகக் கேட்டால் முதல் சந்தேகம் இதன் மேல் வரட்டும்.

*டெம்போ.* நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகம் இது. முழு எண்ணாக வையுங்கள். ஒருவர் 92-லும் இன்னொருவர் 92.5-லும் ஓட்டினால் நான்கு நிமிடப் பாட்டின் முடிவில் 1.3 விநாடி விலகிவிடும். நடுவில் வேகம் மாறும் பாட்டுக்கு டெம்போ வரைபடத்தை மிடி ஃபைலாக (ஒலி இல்லாமல் சுரம், நேரம், வேகம் போன்ற தகவலை மட்டும் சுமக்கும் ஃபைல்) ஏற்றுமதி செய்து எல்லோருக்கும் அனுப்புங்கள். வேவ் ஃபைல் (சுருக்காத ஒலி ஃபைல்) டெம்போவைச் சுமந்து வரும் என்று நம்பக் கூடாது.

*சுருதி.* ஐந்தரைக் கட்டை என்று மட்டும் சொன்னால் போதாது. மேற்கத்தியப் பெயரையும் எழுதி, ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்பதையும் சேருங்கள். ஒருவர் 440, இன்னொருவர் 442 வைத்தால் சுமார் 8 சென்ட் (ஓர் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வித்தியாசம் வரும். தனித்தனியே கேட்டால் தெரியாது, சேர்த்துக் கேட்டால் எதுவோ உறுத்தும். சுருதிப் பெட்டியோ செயலியோ பயன்படுத்துபவர்கள், அதிலிருந்து ஒரு நிமிடம் பதிவு செய்து, அந்த ஒலியையே எல்லோருக்கும் அனுப்பினால் வாதத்துக்கு இடமில்லை.

*கட்டமைப்பு.* முன்னிசை எத்தனை பார் அல்லது ஆவர்த்தனம், பல்லவி எங்கே தொடங்குகிறது என்பதை எண்ணிட்டு எழுதுங்கள். பிற்பாடு ‘இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் அந்த இடம்’ என்று யாரும் தடுமாற வேண்டாம், 41-ஆம் பார் என்றால் போதும்.

*நேரம்.* சந்திப்பு நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசியில் எழுதி, பக்கத்தில் அவரவர் நேரத்தையும் போடுங்கள். சில நாடுகளில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரங்களில் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் முன்போ பின்போ வந்து நிற்பது வாடிக்கை.

எல்லோரும் ஒரே பதிவு மென்பொருள் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஒருவரின் திட்ட ஃபைலை இன்னொரு மென்பொருள் திறக்காது, ஆனால் வேவும் மிடியும் எதிலும் திறக்கும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் பேண்ட்லேப்பில் இலவசமாகத் தொடங்கலாம், உலாவியிலேயே பலர் ஒரே திட்டத்தைத் திறந்து வேலை செய்யலாம். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளை 60 நாள் சோதித்துப் பார்த்துவிட்டு உரிமம் வாங்கலாம்.

4. வழிகாட்டி ட்ராக்கை ஒருவர் மட்டும் செய்யுங்கள்

எல்லோரும் காதில் வைத்துக்கொண்டு வாசிக்கப் போகும் அடிப்படை ட்ராக் இது. அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை, துல்லியமாக இருந்தால் போதும். ஒரு கீபோர்டோ கிடாரோ, கச்சாக் குரல், க்ளிக் (ஒவ்வொரு அடியிலும் தட்டும் தாளச் சத்தம்). இவற்றை மூன்று தனித்தனி ஃபைல்களாகக் கொடுங்கள். க்ளிக்கை மற்றவற்றோடு கலந்து ஒரே ஃபைலாகக் கொடுத்தால், க்ளிக்கை உரக்கக் கேட்க விரும்பும் ட்ரம்மரும் அது வேண்டாம் என்கிற பாடகரும் ஒரே அவதியில் மாட்டுவார்கள்.

பாட்டுக்கு முன் இரண்டு பார் எண்ணிக்கை வையுங்கள். ஃபைல் அந்த எண்ணிக்கையின் முதல் அடியிலிருந்தே தொடங்க வேண்டும். கடைசி அடிக்குப் பிறகு க்ளிக்கை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசிச் சுரம் மெல்ல அடங்கும் இடத்தில் ஹெட்ஃபோனிலிருந்து கசியும் க்ளிக் மைக்கில் விழும். அதை அழிப்பது மிகக் கடினம்.

ஆலாபனை, விருத்தம் போலத் தாளமில்லாத பகுதி இருந்தால் அங்கே க்ளிக் போடாதீர்கள். அந்தப் பகுதியை நடத்துபவர் முதலில் தனியாகப் பாடி அனுப்பட்டும், மற்றவர்கள் அதைக் கேட்டுத் தொடரட்டும். தாளம் தொடங்கும் இடத்துக்கு இரண்டு பார் முன்னால் மட்டும் க்ளிக் நுழைந்தால் போதும்.

எந்த வரிசையில் பதிவு செய்வது? வழிகாட்டிக்குப் பிறகு தாளம், அதன் மேல் பேஸ், பிறகு கிடார் அல்லது கீபோர்டு, அதன் பின் முக்கியக் குரல், கடைசியில் இடையிசையும் பின்குரல்களும். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் வழிகாட்டியைப் புதுப்பித்து அனுப்புங்கள். கச்சா ட்ரம் கேட்டுப் பாடிய குரலுக்கும் உண்மையான ட்ரம் கேட்டுப் பாடிய குரலுக்கும் தாளத்தில் உட்காரும் விதமே வேறு. ஆளுக்கு ஒரு வாரம் என்று கணக்கிட்டால் நான்கு பேர் கொண்ட பாட்டுக்கு மிக்ஸுக்கு முன்பே ஐந்தாறு வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

5. அவரவர் இடத்தில் பதிவு செய்தல்

குறைந்தபட்சத் தேவை: இரண்டு உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், காதை முழுவதும் மூடும் ஒயர் ஹெட்ஃபோன். பணம் இருந்தால் மைக்கை மாற்றும் முன் அறையைக் கவனியுங்கள். எதிரொலிக்கும் வெற்று அறையில் விலையுயர்ந்த கண்டென்சர் மைக் அந்த எதிரொலியையும் துல்லியமாகப் பிடித்துக் கொடுக்கும். துணி நிறைந்த அலமாரிக்கு முன் சாதாரண டைனமிக் மைக் இதைவிட நல்ல பலன் தரும்.

ப்ளூடூத் ஹெட்ஃபோன் கூடவே கூடாது. அதன் தாமதம் 100 மில்லி விநாடியைத் தாண்டுவது சாதாரணம். நீங்கள் சரியாகத்தான் வாசிப்பீர்கள், ட்ராக் முழுவதும் பின்தங்கிக் கிடக்கும்.

ஒலியளவின் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் இருக்கட்டும். 24 பிட்டில் சிவப்பு விளக்கைத் தொடும் அளவுக்கு ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. குறைவாகப் பதிவானதை ஏற்றிக்கொள்ளலாம், கிழிந்துபோனதைத் தைக்க முடியாது.

உங்கள் குரலை இன்டர்ஃபேஸின் நேரடிக் கண்காணிப்பு (கணினிக்குள் போகாமல் மைக்கின் ஒலியை ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் வசதி) வழியாகக் கேளுங்கள், மென்பொருளுக்குள் கண்காணிப்பை அணைத்துவிடுங்கள். இரண்டும் இயங்கினால் குரல் இரட்டையாகக் கேட்கும், சுருதி நிற்காது.

அதிகம் பேர் விழும் குழி இது: வழிகாட்டியைப் போனில் ஓட்டி, கணினியில் பதிவு செய்வது. ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிக் கடிகாரம், இரண்டும் மிகச் சரியாக ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்றாலே நிமிடத்துக்கு 3 மில்லி விநாடி, ஐந்து நிமிடத்தில் 15. தொடக்கத்தில் கச்சிதமாகப் பொருந்திய ட்ராக் முடிவில் தளர்ந்துபோவதன் காரணம் இதுவே. ஓட்டுவதும் பதிவதும் ஒரே சாதனத்தில் நடக்கட்டும். வேறு வழியே இல்லையென்றால், எண்ணிக்கையின் கடைசி அடியிலும் பாட்டு முடிந்த பின் ஒரு குறிப்பிட்ட அடியிலும் கைதட்டுங்கள். மிக்ஸ் செய்பவர் இரண்டு தட்டலையும் பொருத்தி, நடுவில் உள்ளதைச் சற்று இழுத்துச் சரிசெய்வார்.

சாதனம் ஒன்றே என்றாலும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு கேபிள் போட்டு, க்ளிக்கை ஓட்டி அதையே பதிவு செய்யுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் பதிவான க்ளிக் மூல க்ளிக்கின் மேல் சரியாக உட்கார வேண்டும். தள்ளி விழுந்தால் எத்தனை சாம்பிள் என்று எண்ணி, மென்பொருளில் பதிவுத் தாமதத்தை ஈடுசெய்யும் அமைப்பில் அந்த எண்ணைப் போடுங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாத கிடார்க்காரரை ‘எப்போதும் கொஞ்சம் லேட்டா வாசிக்கிறார்’ என்று குழுவே முத்திரை குத்தியிருக்கும்.

6. ஃபைல் அனுப்பும் ஒழுங்கு

ஒவ்வொரு ட்ராக்கும், கருவி 64-ஆம் பாரில்தான் நுழைகிறது என்றாலும், பூஜ்யத்திலிருந்தே தொடங்கி ஏற்றுமதியாக வேண்டும். வாங்குபவர் எல்லாவற்றையும் இடது ஓரத்தில் ஒட்ட வைத்தால் பாட்டு தானாகப் பொருந்திவிடும்.

வேவ் மட்டுமே. எம்பி3 ஆக்கினால் தரம் குறைவதோடு, ஃபைலின் தொடக்கத்தில் சிறு மௌனம் ஒட்டிக்கொள்ளும். 25 மில்லி விநாடியும் இருக்கலாம், கூடவும் இருக்கலாம், தாளம் அதிலேயே போய்விடும். அரட்டைச் செயலிகளில் ஆடியோவாக அனுப்பினால் பெரும்பாலும் சுருக்கப்பட்டுவிடும். ஜிப் ஆக்கி, மேகச் சேமிப்பில் வைத்து லிங்க் கொடுங்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்? 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ ஒரு நிமிடத்துக்கு சுமார் 8.6 எம்பி. 20 மோனோ ட்ராக், 5 நிமிடம் என்றால் 860 எம்பிக்கு மேல். கூகுள் டிரைவ் இலவசமாகத் தரும் 15 ஜிபி முதல் பாட்டுக்குப் போதும், ஆனால் அதில் உங்கள் ஜிமெயிலும் இடம் பிடிக்கும். ஒற்றைக் குரலை ஸ்டீரியோவாக ஏற்றுமதி செய்து இடத்தை இரட்டிப்பாக்காதீர்கள். சில நாளில் காலாவதியாகும் பரிமாற்ற லிங்க்கை மட்டும் நம்பாதீர்கள், வாங்குபவர் ‘இறங்கிவிட்டது, திறந்து கேட்டேன்’ என்று சொல்லும்வரை மூலத்தை அழிக்கக் கூடாது.

பெயரிடும் முறை: பாட்டு, கருவி, டெம்போ, பதிப்பு எண், ஆண்டு-மாதம்-நாள். ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும். ஃபைல் பெயரில் தமிழ் எழுத்து இருந்தால் சில பழைய ஜிப் மென்பொருள்களில் குப்பையாக மாறிவிடும். ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’ என்ற பெயர்களைச் சட்டம் போட்டுத் தடுங்கள்.

எஃபெக்ட் எதுவும் இல்லாத ட்ராக்கைக் கட்டாயம் கொடுங்கள். கிடாரின் டிலே போல எஃபெக்ட்டே வாசிப்பின் பகுதி என்றால் அதோடு ஒன்று, அது இல்லாமல் ஒன்று என இரண்டாகக் கொடுங்கள். நீங்கள் ஆசையாகப் போட்ட ரிவர்பை (செயற்கை எதிரொலி) மிக்ஸ் செய்பவரால் முழுவதும் உரித்தெடுக்க முடியாது.

7. ஒரே நேரத்தில் வாசிக்க முடிகிற தூரம் என்றால்

நான்கு மென்பொருள்கள் தெரிந்திருந்தால் போதும். ஜாமுலஸ், சோனோபஸ், ஜாக்ட்ரிப், நின்ஜாம். ஜாமுலஸில் எல்லோரும் நடுவிலுள்ள ஒரு சர்வருக்கு ஒலியை அனுப்ப, அது கலந்து திருப்பித் தரும். சோனோபஸ் ஆளுக்கு ஆள் நேரடியாக அனுப்பும். ஜாக்ட்ரிப் சுருக்காத ஒலியை அனுப்பும், அதற்கு நல்ல இணைப்பு வேண்டும். இருவர், மூவருக்கு சோனோபஸ் எளிது, ஒவ்வொருவரையும் தனி ட்ராக்காகப் பதிவும் செய்யும். ஐந்து பேர் சேர்ந்தால் ஆளுக்கு நான்கு பேருக்கு அனுப்ப வேண்டும். 16 பிட் மோனோ சுருக்காமல் போனால் ஓர் ஆளுக்கு 768 கேபிபிஎஸ், நால்வருக்கு 3 எம்பிபிஎஸுக்கு மேல் அப்லோடு வேண்டும். அந்த நிலையில் ஜாமுலஸுக்கு மாறுங்கள். சர்வர் எல்லோருக்கும் நடுவான ஊரில் இருக்க வேண்டும், மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் சிறிய மெய்நிகர் சர்வரே போதும். சொந்தமாக நடத்தினால் 22124 என்ற யுடிபி போர்ட்டை (ஜாமுலஸின் ஒலி வந்துபோகும் இணைய வாசல்) திறந்து விட மறக்காதீர்கள்.

அமர்வுக்கு முன்:

- ரவுட்டரிலிருந்து கணினிக்கு ஈதர்நெட் கேபிள். வைஃபையில் தாமதம் நொடிக்கு நொடி மாறும், அதுவே கரகரப்பாகக் கேட்கும். இந்தப் பட்டியலிலேயே மிக மலிவான, மிக அதிகப் பலன் தரும் செலவு இந்தக் கேபிள்தான்.
- விண்டோஸில் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் சொந்த ஏசியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்). மேக்கில் தனியாக எதுவும் பெரும்பாலும் தேவையில்லை.
- பஃபர் 64 அல்லது 128 சாம்பிள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 என்பது 2.7 மில்லி விநாடி. கரகரத்தால் ஒரு படி ஏற்றுங்கள்.
- மேகச் சேமிப்பு ஒத்திசைவு, விபிஎன், வீட்டில் ஓடும் பிற பதிவேற்றங்கள் எல்லாம் நிறுத்தம். அப்லோடு நிரம்பினால் தாமதம் எகிறும்.

ஜாமுலஸில் ஒரு பொன் விதி உண்டு. உங்கள் சத்தத்தையும் சர்வரிலிருந்து திரும்பி வரும் கலவையில்தான் கேட்க வேண்டும், நேரடிக் கண்காணிப்பை அணைக்க வேண்டும். மேலே பதிவுக்குச் சொன்னதற்கு நேர்மாறு. உங்களை நேரடியாகக் கேட்டுக்கொண்டு வாசித்தால் மற்றவர்களுக்கு நீங்கள் எப்போதும் பின்தங்கியே ஒலிப்பீர்கள், ஏன் என்று உங்களுக்குப் புரியவே புரியாது. முதல் இருபது நிமிடம் விரலுக்கும் காதுக்கும் ஒத்துவராது. பிறகு பழகிவிடும்.

தாளத்தைப் பிடிக்கும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுங்கள். அவர் மற்றவர்களுக்காக இறங்கிவரக் கூடாது, மற்றவர்கள் அவரைத் துரத்த வேண்டும். வீடியோவைப் பார்த்துக்கொண்டு வாசிக்காதீர்கள், படம் ஒலியைவிட எப்போதும் பின்னால் வரும்.

தூரம் அதிகம், ஆனாலும் சேர்ந்து வாசித்துக் களிக்க ஆசை என்றால் நின்ஜாம் இருக்கிறது. அது தாமதத்தைக் குறைக்காமல் ஒரு முழுச் சுற்றாக நீட்டிவிடுகிறது. 120 டெம்போவில் 16 அடி என்றால் 8 விநாடி. மற்றவர்கள் போன சுற்றில் வாசித்ததன் மேல் நீங்கள் இந்தச் சுற்றில் வாசிப்பீர்கள். ஒரே சுரக்கோவையைச் சுற்றிச் சுற்றி வாசிக்கும் ஜாமுக்குப் பிரமாதம், பல்லவி, சரணம் என்று மாறும் பாட்டுக்கு உதவாது.

8. மிக்ஸும் திருத்தமும்

மிக்ஸ் குறித்துக் கருத்துச் சொல்லும்போது நேரத்தைக் குறிப்பிடுங்கள். ‘1:42-இல் குரல் 1 டெசிபல் இறங்கட்டும்’ என்றால் வேலை நடக்கும். ‘இன்னும் கொஞ்சம் உயிர் வேணும்’ என்றால் நடக்காது. நான்கு பேரும் தனித்தனியாகக் கருத்து அனுப்பினால் ஒன்றுக்கொன்று முரண்படும், மிக்ஸ் செய்பவர் நடுவராகிவிடுவார். ஒருவர் தொகுத்து ஒரே பட்டியலாக அனுப்பட்டும். புதிய மிக்ஸைப் பழையதோடு ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகு கேளுங்கள். உரக்க ஒலிப்பது எப்போதும் நன்றாக இருப்பதாகவே காது சொல்லும்.

சேர்ந்து உட்கார்ந்து கேட்பது போல வேண்டுமென்றால் ஆடியோமூவர்ஸின் லிசன்டோ, மிக்ஸ் செய்பவரின் மென்பொருளிலிருந்தே உயர்தர ஒலியை உங்கள் உலாவிக்கு அனுப்பும். அது சந்தா சேவை. கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஒரு மாதம் எடுத்தால் போதும்.

மாஸ்டருக்கு (வெளியீட்டுக்கு முந்தைய இறுதி மெருகு) அனுப்பும் ஃபைலில் லிமிட்டர் (உச்சத்தை அமுக்கும் எஃபெக்ட்) வேண்டாம், 24 பிட்டிலேயே இருக்கட்டும். ஸ்பாட்டிஃபை ஒலியளவை மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தின் அலகு) அளவில் சமன்செய்கிறது. அதற்காக எல்லாப் பாட்டையும் அந்த எண்ணிலேயே நிறுத்த வேண்டியதில்லை. உண்மை உச்சம் (ட்ரூ பீக், ஒலி அலை நிஜமாகத் தொடும் உச்சி) மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

9. வெளியீடு

ஒருவர் கணக்கு வழியாக, ஒரே விநியோகஸ்தர் (ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்குப் பாட்டை அனுப்பும் சேவை) வழியாக, ஒரே ஒரு முறை. இருவர் ஆசையில் தனித்தனியாகப் பதிவேற்றினால் பாட்டு இரண்டாகத் தோன்றும், ஒருவரின் பதிவேற்றத்தின் மேல் இன்னொருவரின் உரிமைக்கோரல் விழும். அதை அவிழ்க்க வாரக்கணக்கில் மின்னஞ்சல் எழுத வேண்டிவரும்.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து அடையாளம் உண்டு. பல விநியோகஸ்தர்கள் அதைக் கட்டணமின்றித் தருகிறார்கள். ரீமிக்ஸுக்குப் புதிய எண் வேண்டும். விநியோகஸ்தரை மாற்றினால் அதே பதிவுக்குப் பழைய எண்ணையே கொடுங்கள், இல்லாவிட்டால் அதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை பிரிந்துபோகலாம். படைப்பை உரிமைச் சங்கத்தில் பதியும்போது ஒவ்வொருவரும் அவரவர் சங்கத்தில் 2-ஆம் படியில் எழுதிய அதே சதவீதங்களைக் கொடுக்க வேண்டும். கூட்டினால் 100-ஐத் தாண்டினால் பணம் யாருக்கும் போகாமல் தடைபடும்.

லூப் நூலகத்திலிருந்து (பலரும் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த ஒலித்துண்டுகளின் தொகுப்பு) எடுத்த ஒலி பாட்டில் இருந்தால் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (பிறர் வீடியோக்களில் உங்கள் ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கும் அமைப்பு) பதியாதீர்கள். அதே லூப் உலகில் எத்தனையோ பாட்டுகளில் இருக்கும், நீங்கள் அறியாமலே முன்பின் தெரியாதவர்களின் வீடியோக்களின் மேல் உரிமை கோருவீர்கள். பிறர் பாட்டை மறுபடி பாடுகிறீர்கள் என்றால் அந்தப் படைப்புக்கு உரிமம் பெற வேண்டும். பிறர் ஒலிப்பதிவிலிருந்து துண்டு எடுத்தால் படைப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனியாக இரண்டு அனுமதி. பதில் வர மாதங்கள் ஆகலாம் என்பதால் இதை மிக்ஸ் முடிந்த பிறகு ஆரம்பித்தால் தாமதம்தான்.

வெளியீட்டுத் தேதிக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே பதிவேற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்குப் பாட்டை முன்வைக்க வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பாகவாவது அது அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பெயரில் எழுத்துப்பிழை, அட்டைப்படத்தில் அளவுக் குறை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினாலும் ஒரு வாரம் போய்விடும்.

பாட்டு வெளியான வாரத்திலேயே ஒரு காப்பகக் கோப்புறை செய்து ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்திலிருந்து தொடங்கும் எல்லா வேவ்களும், குரல் இல்லாத மிக்ஸ், குரல் மட்டும் உள்ள மிக்ஸ், மாஸ்டர், டெம்போ மிடி, வரிகள், கையெழுத்திட்ட தாள், ஐஎஸ்ஆர்சி எண். மேகத்தில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. மிக்ஸ் செய்தவரின் கணினியில் மட்டும் இருப்பதைப் பிரதி என்று கணக்கில் எடுக்காதீர்கள்.